வேல்விழி ஒதுக்கிய நேரம்

"எல்லாரும் ஒண்ணா அனுப்புங்க" என்று அலுவலகத்தைப் பார்த்துக் குரல் கொடுத்துவிட்டு, கழிவுத் தொட்டியின் வாயருகே குந்தி உட்கார்ந்துகொள்கிறாள் வேல்விழி. மாடியில் இருப்பவர்கள் பனியன் மாதிரிகளின் கனத்த படங்களைக் கணினியிலிருந்து வெளிநாட்டுக்குத் தள்ளிவிடுகிறார்கள். குடோனில் பெட்டி பெட்டியாக பார்கோடு படிக்கிறார்கள். அந்த நெரிசலுக்கு நடுவில், விஷவாயுவைக் கண்டுபிடிக்கும் வாயுமானியை ஒரு சின்ன உருளையில் அடைத்த சோதனை வாயுவுக்குக் காட்டுகிறாள். மேலே கம்பத்தில் கட்டிய சைரன் அலறுகிறது. மறுபடியும் காட்டுகிறாள். மறுபடியும் அலறுகிறது. ஒவ்வொரு தடவையும் காட்டியவுடனே அலறினால்தான், சேறு அள்ளக் காத்திருக்கும் காசிமாயனைப் பார்த்துத் தலையசைப்பாள். அதன்பிறகே அவர் தொட்டிக்குள் கால் வைக்கலாம்.

எதுவும் ஓடாத நேரத்தில் சோதித்தால் அலுப்பு இல்லையே என்று காசிமாயன் ஒருமுறை கேட்டிருக்கிறார். "ரோடு காலியா கெடக்கும்போது ஆம்புலன்ஸ் சீக்கிரம் வரத்தான செய்யும்ணே" என்றாள்.

இரண்டாயிரத்து எட்டு. திருப்பூருக்கு வெளியே இருக்கும் அந்தச் சாயப்பட்டறையில் தொட்டிச் சேற்றை அள்ளுவது காசிமாயனின் வேலை. உசிலம்பட்டிப் பக்கத்து ஆள். வேல்விழி விளாத்திகுளத்துக்காரி, எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவள். பட்டறையின் கம்பியில்லா இணைப்பு முழுவதும் அவள் பொறுப்பு. சாயத் தண்ணீருக்குப் பயந்து ஆண்கள் போடும் ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு, பெரிதாக இருக்கும் நுனியில் பனியன் வேஸ்ட் துணியை அடைத்திருப்பாள். மழை வந்தால் குடை முதலில் அவளுடைய கம்பியில்லா இணைப்புப் பெட்டிக்குத்தான். தலை நனைந்து நிற்பவளைப் பார்த்துச் சிரிப்பவர்களோடு தானும் சிரிப்பாள். டீயை ஆறவைத்துப் பச்சைத் தண்ணீர் போலக் குடிப்பாள்.

தொட்டிக்குள் இறங்குகிறவர் இடுப்பில் கட்டியிருக்கும் வாயுமானி, காற்று வழியாக மேலே செய்தி அனுப்ப வேண்டும். கம்பி இழுத்துப் பார்த்தார்கள். துணி வண்டிகளின் சக்கரமும் சாயத் தண்ணீரும் அதை நிலைக்க விடவில்லை. ஆனால் அதே காற்றில்தான் அலுவலகப் படங்களும் குடோன் கணக்கும் போயாக வேண்டும். வாயுமானி புதிதாக வந்தபோது வேல்விழி சோதித்துப் பார்த்தாள். சில தடவை சைரன் உடனே அடித்தது. சில தடவை, படம் போய் முடிகிற வரை ஊமையாக இருந்துவிட்டு அடித்தது. அன்றைக்கு யாரும் இறங்கக்கூடாது என்று தொட்டி வாயில் குறுக்கே நின்றுவிட்டாள்.

"அடிக்குதுல்ல தாயி, கொஞ்சம் முன்னப்பின்ன அடிச்சா என்ன?" என்றார் காசிமாயன். அவருக்கு வேலை முடிந்தால் போதும்.

"ஒருநா ஒடனே, ஒருநா ஆற அமர. அப்படி வர்ற பஸ்ஸ நம்பி ஷிப்டுக்குக் கெளம்புவீங்களா அண்ணே?"

பிறகு அவள் செய்ததைக் காசிமாயன் தமக்குப் புரிந்த அளவில் மற்றவர்களுக்குச் சொல்வதுண்டு. எல்லாக் கருவிகளும் நினைத்தபோது பேசுவதை நிறுத்தி, ஆளுக்கொரு முறை வைத்துவிட்டாள். வாயுமானியின் முறை கண்ணிமைக்கும் நேரத்துக்கு ஒருதரம் வரும். அது பேசினாலும் பேசாவிட்டாலும் அந்த நேரத்தை வேறெதுவும் தொடக்கூடாது. மிஞ்சிய நேரத்தில்தான் படங்கள் துண்டு துண்டாகப் போகும்.

மேலாளர் சிவராஜுக்கு இது பெரிய தலைவலி. படம் பார்த்து வெளிநாட்டுக்காரர்கள் சரி என்றால்தான் தையல் ஆரம்பிக்கும். "அது பேசாத நேரத்தையும் அதுக்கே வெச்சுட்டா எப்படீங்க அம்மிணி? படம் போவோணுமில்லீங்க?" என்று கேட்டார்.

"சும்மா கெடக்கட்டும் சார். உள்ள ஆள் இருக்காரு."

சிவராஜ் தொட்டியைக் கொஞ்சநேரம் பார்த்தார். அவசரப் படங்களைச் சிடியில் போட்டுக்கொண்டு, தாமே பைக்கை எடுத்துக் காதர்பேட்டைப் பக்கம் இருந்த பிரவுசிங் சென்டருக்குக் கிளம்பினார். அதன்பிறகும் அவசரம் வந்தபோதெல்லாம் அப்படியே செய்தார்.

ஆடி மாதத்தில் ஒருநாள், காசிமாயன் அடியில் நின்று சேற்றை வெட்டிக்கொண்டிருந்தார். காற்று ஊதும் இயந்திரத்தின் இரைச்சலில் வேறெதுவும் காதில் விழவில்லை. மண்வெட்டி ஒரு கட்டியை உடைத்தது. அழுகிய முட்டை நாற்றம் குப்பென்று எழுந்து, உடனே அடங்கிப்போயிற்று. நல்ல காற்று வந்துவிட்டது என்று அவர் நினைத்தார். நாற்றம் போகவில்லை, மூக்குதான் மரத்துப்போயிருந்தது. அதற்குள் இடுப்புக் கயிறு இறுகியது. இன்னும் ரெண்டு சட்டி சேறு இருக்கிறது, இழுக்காதே என்று மேலே கயிற்றைப் பிடித்து நின்ற இசக்கிமுத்துவிடம் சொல்ல வாயெடுத்தார். நாக்கு அசையவில்லை. முழங்கால் மடங்கியது. சேற்றில் விழ வேண்டிய உடம்பு, கப்பியில் ஏறிக்கொண்டிருந்தது.

சிமெண்டுத் தரையில் கிடந்து கண் திறந்தபோது வானம் தெரிந்தது. சைரன் அப்போதும் அலறிக்கொண்டிருந்தது. மாடியிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். அவர்கள் அனுப்பிக்கொண்டிருந்த படம் பாதிதான் போயிருந்தது என்பது பிறகு தெரிந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு மனைவி ராக்கம்மாளைக் கூட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனார். வேல்விழி வாசல் படியில் உட்கார்ந்து ஒரு ஏரியலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த நல்ல வார்த்தைகள் எதுவும் காசிமாயனுக்கு வரவில்லை.

"அன்னிக்கு நாத்தம் நின்னுபோச்சேன்னு சந்தோசப்பட்டேன் தாயி" என்றார்.

வேல்விழி ஏரியலைக் கீழே வைத்தாள். இசக்கிமுத்து அண்ணன் கயிற்றை விட்டுக் கையெடுக்காமல் நின்றதையும், படம் மெல்லப் போகட்டும் என்று சிவராஜ் சார் பொறுத்துக்கொண்டதையும் சொன்னாள். அவர்களிடம்தான் முதலில் போக வேண்டும் என்றாள். போய்விட்டுத்தான் வருகிறோம் என்றார் காசிமாயன். அவள் ஏரியலை மறுபடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பனியன் கம்பெனியில் நாள் முழுக்க நூல் பிசிறு வெட்டுகிறவள் ராக்கம்மாள். வேல்விழியின் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். வேல்விழியின் சுரிதார்க் கை ஓரத்தில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தது. குனிந்து, அதைப் பல்லால் கடித்து எடுத்துவிட்டு, அந்த இடத்தை உள்ளங்கையால் நீவினாள். நீவிய கையை எடுக்கவில்லை.