பிரேக்கக்காவும் மேற்குச் சுவரும்

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் வேலை. நாள் முழுக்க "பிரேக்கு, பிரேக்கு!" என்று கத்துகிறவளுக்குத் தெரு வேறென்ன பெயர் வைக்கும்? பிரேக்கக்கா. ஊருக்கெல்லாம் பிரேக் போடச் சொல்லிக்கொடுத்தவளின் வாய்க்கு மட்டும் அந்த வசதி கிடையாது. இந்தக் கதையே அதனால் வந்ததுதான்.

கல்யாணமான கையோடு குடிவந்த மாடி வீடு. மகளும் அங்கேயே பிறந்து கல்லூரிவரை வந்துவிட்டாள். அது வாடகை வீடு என்பதே பிரேக்கக்காவுக்கு மறந்துபோயிருந்தது. வக்கீல் நோட்டீஸ் வந்து ஞாபகப்படுத்தியது. கீழே குடியிருந்த வீட்டுக்காரர் மகனோடு இருக்கப் போய்விட்டார்; வீட்டை விற்கிறாராம்; மூன்று மாதத்தில் காலி செய்ய வேண்டுமாம்.

இரண்டு நாள் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீடு தேடக் கிளம்பினாள். ஒரு வீட்டுச் சமையலறையில் ஒருவர் மூச்சை இழுத்துப் பிடித்தால்தான் இன்னொருவர் திரும்ப முடியும். இன்னொரு வீட்டில் ஜன்னலைத் திறந்ததும், கைக்கெட்டும் தூரத்தில் பல் தேய்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர் "என்ன, குடிவரீங்களா?" என்றார்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அதிகம் பேசாத மனிதர், அன்றைக்கு ஒரு திட்டத்தோடு வந்தார்.

"வீடு வித்தாத்தானே நாம போகணும்? பாக்க வர்றவங்ககிட்ட அந்த மேற்குச் சுவரைக் காட்டு. மழை பேஞ்சா எப்படி ஊறுதுன்னு சொல்லு. பொய்யே வேணாம், உண்மையைச் சொன்னாப் போதும்."

"அதுக்கென்ன, புட்டுப்புட்டு வைக்கிறேன்."

"பேச்சு வேற பக்கம் போனா நான் இருமுவேன். நிறுத்திடு."

பல் டாக்டரம்மா ஒருத்தி தன் அண்ணனோடு வீடு பார்க்க வந்தாள். முந்தின நாள்தான் நல்ல மழை. மேற்குச் சுவர் சொன்னபடி கேட்டு ஊறியிருந்தது. அண்ணன்காரர் கதவைத் தட்டிப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"இதெல்லாம் ஒரு வீடா? மாட்டுக் கொட்டகை. மாடியை இடிச்சுத் தள்ளிடு."

பிரேக்கக்காவுக்குச் சுருக்கென்றது.

"யாரு வீட்டைப் பாத்துக் கொட்டகைங்கறீங்க? வெயில் காலத்துல ஃபேன் போடாம தூங்கற வீடு இந்தத் தெருவுல வேற எதுன்னு காட்டுங்க பாப்போம்!"

கணவர் இருமினார்.

"என் மக நடக்கக் கத்துக்கிட்ட படி இது. இன்னிவரைக்கும் ஒரு படி ஆடியிருக்கா?"

அவர் இருமிய இருமலைப் பார்த்து டாக்டரம்மா பதறித் தண்ணீர் கேட்டாள். அண்ணன்காரர் மேற்குப் பக்கம் திரும்பினார். பிரேக்கக்கா விறுவிறுவென்று முந்திப் போய் அந்தச் சுவரில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டாள். அப்புறம் அவள் நகரவே இல்லை. நின்ற இடத்திலிருந்தே மகளை ஏவி, அலமாரிவரை எல்லாவற்றையும் திறந்து காட்டவைத்தாள்.

அவர்களுக்கு வழிகாட்டிக்கொண்டு கீழே இறங்கி, அனுப்பிவிட்டு மேலே வந்த பிறகுதான் செய்த காரியம் உறைத்தது.

"புரோக்கர்கூட இப்படி வித்திருக்க மாட்டான்" என்றார் கணவர். மகள் சிரித்து உருண்டாள். பிரேக்கக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

அடுத்த வாரம் பாத்திரங்களை அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தபோது டாக்டரம்மா தனியாக வந்தாள்.

"வீட்டை வாங்கிட்டேன்க்கா."

பிரேக்கக்கா அடுத்த பாத்திரத்தை எடுத்துப் பெட்டிக்குள் திணித்தாள்.

"கீழ என் க்ளினிக் வருது. மேல நீங்களே இருங்க. வாடகையும் பழையபடிதான். பெட்டியெல்லாம் எதுக்குக் கட்டறீங்க?"

பிரேக்கக்கா பெட்டியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். டாக்டரம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விசும்பினாள். அப்படியொரு சந்தோஷம். அழுகை கொஞ்ச நேரம்தான். வாய் பழையபடி கிளம்பிவிட்டது.

"டாக்டரம்மா, உங்ககிட்ட ஒண்ணை மறைச்சுட்டேன். அந்த மேற்குச் சுவரு..."

உள்ளேயிருந்து பயங்கரமாக இருமல் கேட்டது.

"...மழைக்கு ஊறும்."

டாக்டரம்மா சிரித்துவிட்டாள். "தெரியும்க்கா. அன்னிக்கு எங்களுக்கு முன்னாடி படியிறங்கினீங்களே, உங்க முதுகு பூரா ஈரம். வாடகை வீட்டோட மானத்தை முதுகால மறைச்சு நின்ன ஆளை விட்டுட்டு, வேற யாரைப் போய்த் தேடுவேன்?"

உள்ளே இருமல் நின்றது.