‘நம்பாதீங்க’ என்று சொன்னவள்

சொக்கம்மாளுக்கு முதன்முதலில் மனம் பேதலித்தது எழுபத்து மூன்றாம் வருஷத்துச் சாரலில். தென்காசி வீட்டில் தூக்கமில்லாமல் பாட்டாய்ப் பாடித் தீர்த்தாள். கழுத்துச் சங்கிலியைக் கழற்றித் தெருவில் போன பாத்திரக்காரனிடம் கொடுத்தாள். கணவனின் அண்ணன் வல்லிநாயகம் ஊர் வழக்கப்படி வைத்தியம் பார்த்தார். காலில் சங்கிலி போட்டு, உச்சி நிறைய எண்ணெய் வைத்து, குற்றாலத்து அருவிக்கடியில் நாலு பேரை விட்டுத் தலையை அமுக்கிப் பிடிக்கச் சொன்னார். பைத்தியம் தெளிந்ததோ இல்லையோ, அவளுக்கு மூச்சு முட்டியது. கடைசியில் அவளைத் தேற்றியது பாளையங்கோட்டை டாக்டரின் மாத்திரை.

தெளிந்ததும் அவளே கணவன் கைலாசத்தையும் அவன் அண்ணனையும் உட்காரவைத்துப் பேசினாள்.

“திரும்ப வந்தா சங்கிலி வேண்டாம், அருவி வேண்டாம். ரூம்ல போட்டுப் பூட்டி மாத்திரையக் குடுங்க. எனக்கு ஒண்ணுமில்லன்னு சத்தியம் பண்ணுவேன். நம்பாதீங்க. அது நோயி பேசுது.”

வக்கீல் சாம்பசிவத்திடமும் கேட்டார்கள். “ஆஸ்பத்திரியில அடைக்கணும்னா சொந்தக்காரன் மனு போடணும், டாக்டர் எழுதித் தரணும், மாஜிஸ்திரேட் உத்தரவு போடணும். சீக்காளி முன்கூட்டிச் சொன்னதுக்குச் சட்டத்துல எடமே இல்லம்மா” என்றார் அவர். கோர்ட்டில் செல்லாத அந்தச் சொல்லுக்கு வீட்டில் ஏகப்பட்ட மரியாதை. எவ்வளவு விவரமானவள் பாருங்கள் என்று கைலாசம் அண்ணனிடம் பெருமைப்பட்டுக்கொண்டான்.

எட்டு வருஷம் நோய் எட்டிப் பார்க்கவில்லை. அப்போதுதான் மகள் பேராச்சிக்குச் செங்கோட்டை மரக்கடைக்காரன் ஒருவனை வல்லிநாயகம் பேசி முடித்தார். இரண்டாம் தாரம். முதல் மனைவி காய்ச்சலில் போய்விட்டாள் என்றார்கள். சொக்கம்மாள் சும்மா இருப்பாளா? ஆய்க்குடிக்கு பஸ் ஏறி, செத்தவளின் தாயைப் பார்த்துவிட்டு வந்து கத்தினாள்.

“காய்ச்சல்ல செத்தவளுக்குக் கை எப்படி ஒடியும்? அடிச்சுக் கொன்னுருக்கான் பாவி!”

கவலையில் அவளுக்குத் தூக்கமும் போயிற்று. வல்லிநாயகம் தம்பியைத் தனியே அழைத்தார். “சத்தம் போடுதா, தூங்க மாட்டேங்கா. ஆரம்பிச்சிட்டுலே.”

கைலாசம் கெட்டவனில்லை, அதுதான் கொடுமை. கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் அவளைப் பின்கட்டு அறையில் விட்டுப் பூட்டினான்.

“எனக்கு ஒண்ணுமில்லங்க. நல்லா யோசிச்சுத்தான் சொல்லுதேன்.”

“இப்படித்தான் சொல்லுவேன்னு நீதானேளா சொன்ன?”

“அப்போ அந்தச் சொல்ல வாபஸ் வாங்கிக்கிடுதேன்.”

“சொகமா இருக்கையில சொல்லு. கேக்கேன்.”

கத்தினால் நோய். அமைதியாகப் பேசினால் நோயின் தந்திரம். அவள் வாயாலேயே அவள் வாயை அடைத்துவிட்டார்கள். டாக்டரையாவது கூப்பிடுங்கள் என்று கெஞ்சினாள். நிச்சயதார்த்தம் முடியட்டும் என்றுவிட்டார் வல்லிநாயகம். மாத்திரை மட்டும் தவறாமல் வந்தது. தலை கிறுகிறுத்தது, கோபம் அடங்கவில்லை.

நிச்சயத்தன்று காலையில் அவளுக்கு ஒன்று புரிந்தது. இந்த வீட்டில் தெளிவுக்கு ஒரே அடையாளம் சம்மதம். கதவைத் தட்டிக் கணவனைக் கூப்பிட்டாள்.

“மாப்பிள்ளை தங்கமானவருங்க. நாந்தான் என்னமோ உளறிட்டேன்.”

அந்த அறைக்குள் அவள் பேசிய ஒரே பைத்தியக்காரப் பேச்சு அதுதான். உடனே பூட்டு திறந்தது. “அண்ணே, தெளிஞ்சிட்டா!” என்று கைலாசம் வாயெல்லாம் பல்லாகக் கத்தினான். அவளுக்குப் பட்டுச்சேலை கட்டிவிட்டுக் கூடத்தில் உட்காரவைத்தார்கள். செங்கோட்டைக்காரர்கள் தட்டுகளைப் பரப்பியிருந்தார்கள். அவர்களில் ஒரு பெரியவர் மரியாதைக்காகக் கேட்டார்.

“பெத்தவளுக்குச் சம்மதந்தானே, தாயி?”

பேராச்சி தலை நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். வேண்டாம் என்றால் மறுபடியும் அறைதான். இனிமேல் என்ன சொன்னாலும் திறக்கமாட்டார்கள். சொக்கம்மாளுக்கு அது நன்றாகத் தெரியும்.

“சம்மதமில்ல” என்றாள். “பொண்டாட்டிய அடிச்சுக் கொன்னவனுக்கு எம்மவளத் தர மாட்டேன். ஆய்க்குடியில போய்க் கேளுங்க.”

“ஐயோ, தப்பா நெனைக்காதீங்க. அவளுக்குச் சித்தம் சரியில்ல!” என்று பதறினார் வல்லிநாயகம்.

அதுவரை செங்கோட்டைக்காரர்களிடம் மறைத்து வைத்திருந்த சேதி அது. தாய் பைத்தியமா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள்.

வண்டி கிளம்பும் சத்தம் கேட்கும்வரை சொக்கம்மாள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாராவது வந்து இழுக்கட்டும் என்று காத்திருக்கவில்லை. தானே நடந்து அறைக்குள் போனாள்.

“பூட்டிக்கிடுங்க” என்றாள்.