கன்னத்தில் கை வைத்தவர்கள்

அந்த அறைக்குள் முதல்முதலாக நுழைந்தபோது யாரோ இறந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். நெதர்லாந்தில் நாங்கள் குடியிருக்கும் சிற்றூரின் நூலகத்துக்குப் பின்புறம் ஒரு கூடம். சனிக்கிழமை காலை. வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேரும் கன்னத்தில் கை. ஒருவர் உள்ளங்கை முழுவதையும் கன்னத்தில் ஊன்றியிருந்தார். ஓர் அம்மாள் தாடையில் ஒற்றை விரலை வைத்திருந்தார். இன்னொருவர் பிடரியைப் பிடித்திருந்தார். மன்னார்குடிப் பக்கத்தில் ஒரு வீட்டில் இரண்டு பேர் இப்படி உட்கார்ந்திருந்தாலே போதும், தெருவில் போகிறவர் செருப்பைக் கழற்றிவிட்டு மெல்ல உள்ளே வந்து "எப்ப ஆச்சு?" என்று விசாரிப்பார். நானும் பழக்கதோஷத்தில், தாடையில் விரல் வைத்திருந்த அம்மாளிடம் குரலைத் தாழ்த்தி, "யார் இறந்துவிட்டார்கள்?" என்று கேட்டுவிட்டேன். அவர் வட்டத்தை ஒருமுறை நிதானமாகப் பார்த்தார். "எனக்குத் தெரிந்து இன்னும் யாரும் இல்லை. காபி வேண்டுமா?" என்றார். அவர்தான் ஆன்னெக்கெ. தபால் பட்டுவாடா செய்து ஓய்வு பெற்றவர்.

அந்த அறையில் கை என்பது துக்கம் இல்லை, மருந்து. எனக்கும் அவர்களில் பலருக்கும் இருப்பது கழுத்து டிஸ்டோனியா. மூளையிலிருந்து தசைகளுக்குப் போகிற கட்டளை தப்பாகப் போய், தலை தன் இஷ்டத்துக்கு ஒரு பக்கம் திரும்பிக்கொள்ளும், இழுக்கும், சில நேரம் ஆடும். கன்னத்திலோ தாடையிலோ இலேசாக ஒரு விரலை வைத்தால் போதும், ஏனென்று சொல்லத் தெரியாது, தலை சாதுவாக நேரே வந்துவிடும். விரலை எடுத்தால் மறுபடி பழைய குருடிதான். ஊர்க்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், மதகுக்காரர் வேண்டாத வாய்க்காலுக்குத் தண்ணீரைத் திறந்துவிட்டுத் தூங்கிப்போனது போல. நான் தஞ்சாவூர்ச் சீமைக்காரன், எனக்கே தலை ஆடுகிறது என்றதும் உங்களுக்கு ஒரு பொம்மை ஞாபகம் வரும். வரட்டும். அந்த நகைச்சுவையைச் சொந்தக்காரர்கள் எல்லோரும் சொல்லி முடித்துவிட்டார்கள், நீங்கள் ஒருவர்தான் பாக்கி.

நான் இங்கே தக்காளி வளர்க்கும் பசுமைக்குடில் ஒன்றில் தண்ணீர்க் குழாய்களுக்குப் பொறுப்பாளன். வாய்க்கால் வெட்டிய கைக்குக் குழாய் திருகுவது பெரிய காரியமில்லை. ஒருநாள் மேலே போகிற குழாயை அண்ணாந்து பார்த்துவிட்டுக் குனிந்தபோது தலை இடப்பக்கம் போய் நின்றுகொண்டது. சரியாகத் தூங்கவில்லை, அதனால் பிடித்துக்கொண்டது என்று நினைத்தேன். அந்த வருடம் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது ராஜி அக்கா பார்த்த மாத்திரத்தில் நோயைக் கண்டுபிடித்துவிட்டாள். "சுளுக்குடா தம்பி" என்றாள். எங்கள் வீட்டில் மூத்தவள் அவள்தான். நிலம், கோர்ட்டு, கல்யாணம், கருமாதி என்று எதற்கும் அவள் சொல்தான் கடைசி. முதலில் எண்ணெய் போட்டு நீவினார்கள். பிறகு உலக்கையை வைத்து உருட்டினார்கள். அதற்கும் மசியவில்லை என்றதும், பிறக்கும்போது கால் முன்னால் வந்து பிறந்தவர்கள் மிதித்தால் சுளுக்கு ஓடிவிடும் என்று அத்தானின் தம்பி மனைவியைக் கூட்டிவந்தார்கள். அந்தப் பெண் கூச்சத்தில் நெளிந்தபடி, "மன்னிச்சுக்குங்கண்ணே" என்று சொல்லிக்கொண்டே என் பிடரியில் காலை வைத்தாள். அவளுடைய கொலுசு குளிர்ச்சியாக இருந்தது ஒன்றுதான் மிச்சம். திரும்பி வந்தபோது தலை இன்னும் கொஞ்சம் அதிகமாகத் திரும்பியிருந்தது.

இங்கே நரம்பு மருத்துவர்தான் பெயரைச் சொன்னார். குணமாகாது, ஆனால் சமாளிக்கலாம் என்றும் சொன்னார். இந்த ஊர்க்காரர்கள் எதையும் போட்டு உடைத்துவிடுவார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, தப்பாக வேலை செய்கிற தசைகளில் ஊசி போட்டு அவற்றைச் சற்றுத் தளரவைக்கிறார்கள். நடுவில் பிசியோதெரபிப் பெண் கண்ணாடிக்கு முன் நிறுத்தி, தலையை வலப்பக்கம் கொண்டுவரப் பழக்குகிறாள், குழந்தைக்கு நடை பழக்குகிற மாதிரி. ஆனால் என்னைத் தூக்கி நிறுத்தியது அந்தச் சனிக்கிழமை வட்டம்தான் என்பேன். அதுவரை கடைக்குப் போகாமல், கூட்டத்துக்குப் போகாமல், கண்ணாடியைப் பார்க்காமல் இருந்தவன் நான். டச்சு மொழியில் இப்படிக் கூடுகிறவர்களுக்கு லோட்கெநோட்டென் என்று பெயர். ஒரே தலைவிதியைப் பங்குபோட்டுக்கொண்டவர்கள் என்று அர்த்தம். விதி, தலையெழுத்து என்றெல்லாம் நாம்தான் பேசுவோம் என்று நினைத்திருந்தேன். இவர்களும் பேசுகிறார்கள், ஆனால் அதைப் பங்குபோட்டு, கூடவே ஆளுக்கு ஒரே ஒரு பிஸ்கட்டும் கொடுத்து டப்பாவை மூடிவிடுகிறார்கள்.

அங்கே கேட்ட யோசனைகளால்தான் என் வாழ்க்கை திரும்ப நடக்க ஆரம்பித்தது. பஸ் ஓட்டியவர் ஒருவர் மல்லாந்து நீந்தச் சொன்னார், தண்ணீரில் கழுத்துக்கு வேலையே இல்லை என்று. போனேன், உண்மைதான். ஆன்னெக்கெ பாட்டுக்குழுவில் பாடும்போது தன் தலை ஆடுவதில்லை என்றார். நான் பாடினால் பக்கத்தில் இருப்பவர்கள் தலைதான் ஆடும், அதனால் அதை விட்டுவிட்டேன். ஒருவருக்குப் பலித்தது இன்னொருவருக்குப் பலிக்காது, ஆனால் எல்லோரும் எல்லாவற்றையும் சொல்வார்கள். குளிர்காலத்தில் மப்ளர் தாடையில் உரசினாலே என் தலை நேராகிறது என்பதை அந்த அறையில்தான் கண்டுபிடித்தோம். அன்றைக்கு ஆளாளுக்குத் தங்கள் மப்ளரைக் கழற்றி என் கழுத்தில் சுற்றிப் பார்த்தார்கள். இங்கே எட்டு மாதம் குளிர். மப்ளர் கட்டியவனை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. நான் நன்றாக இருந்தேன். இப்போதும் நன்றாக இருக்கிறேன்.

சிக்கல் போன வைகாசியில் வந்தது. என் மகள் தேன்மொழிக்குக் கல்யாணம். பையனும் இங்கேதான் வேலை பார்க்கிறார், சொந்த ஊர் திருக்காட்டுப்பள்ளி. கல்யாணம் மன்னார்குடியில். முகூர்த்த நாளைப் பஞ்சாங்கம் குறித்தது, நரம்பு மருத்துவரை யாரும் கேட்கவில்லை. ஊசியின் வேகம் குறைகிற கடைசி வாரத்தில் போய் விழுந்தது அது. மேட்டூர் அணை திறக்குமுன் வருகிற மாதம், வயலில் பெரும்பாலானவர்களுக்கு வேலை இல்லை, ஆகவே ஊரே கல்யாணத்துக்கு வரும். பந்தக்கால் நட்ட அன்று, வந்தவர்களிடம் பேசிக்கொண்டிருந்தபோது, என் கை தானாகக் கன்னத்துக்குப் போயிற்று. பின்னாலிருந்து அக்கா வந்து கையைத் தட்டிவிட்டாள். எனக்கு ஐம்பத்தெட்டு வயது.

"கல்யாண வீட்ல கன்னத்துல கை வெக்காதடா. ஆகாதுன்னு தெரியாதா?"

"வெக்கலன்னா தலை நிக்காதுக்கா."

"தெரியுது. ஆனா பாக்குறவங்களுக்குத் தெரியாதுல்ல. பொண்ணக் கொடுக்குறதுல அப்பனுக்கு இஷ்டமில்ல, கன்னத்துல கை வெச்சு உக்காந்திருக்கான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா அது ஜென்மத்துக்கும் நிக்கும்."

அன்று சாயங்காலம் அவளே ஒரு வழி சொன்னாள். தாரை வார்க்க மணையில் அத்தானும் அவளும் உட்காரலாம். ஒன்றும் தப்பில்லை, பெரியப்பா, மாமா என்று யாராவது செய்துகொடுப்பது உண்டுதான். தாரை வார்க்கும்போது தகப்பனுக்கு இரண்டு கையும் வேண்டும். ஒரு கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு பெண்ணைக் கொடுக்க முடியாது. கையை எடுத்தாலோ தலை இடப்பக்கம் போய்விடும், மகளைக் கொடுக்கும்போது நான் நாதஸ்வரக்காரரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். "சரிக்கா" என்று சொல்லிவிட்டேன். என் மனைவி சுமதி விருட்டென்று எழுந்து உள்ளே போனாள். சொன்ன பிறகுதான் யோசித்தேன். ஒரே மகள். அவள் கையைப் பிடித்துக் கொடுப்பதற்காகத்தான் இத்தனை வருடம் கடல் தாண்டிக் கிடந்தோம் என்று தோன்றியது. அப்படியெல்லாம் இல்லை என்று எனக்கே தெரியும், இருந்தாலும் தோன்றியது.

மறுநாள் சனிக்கிழமை. மன்னார்குடி மத்தியானம் அவர்களுக்குக் காலை. பந்தலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு வீடியோவில் கூப்பிட்டேன். செல்போனுக்குள் அத்தனை பேரும் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். கன்னத்தில் கை வைத்தால் கெட்ட சகுனம் என்பதை விளக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. "அப்படியென்றால் எங்களை அழைக்காதது நல்லதாயிற்று" என்றார் பஸ்காரர்.

"மப்ளர் கட்டிக்கொள்" என்றார் ஆன்னெக்கெ.

"இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. சட்டையே போடாமல் மணையில் உட்காருவோம்."

"அங்கே கல்யாணத்தில் கழுத்தில் எதுவுமே போட மாட்டீர்களா?"

"மாலை போடுவார்கள். பூவால் கட்டியது."

அவர் என்னையே பார்த்தார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. ஆனாலும், "போட்ட உடனே கழற்றிவிடுவோம்" என்றேன். ஏன் என்று கேட்டார். நம்மூரில் ஒருவருக்கு மாலை போட்டால் அதே கையோடு கழற்றிப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிட வேண்டும். மாப்பிள்ளையும் பெண்ணும் சாமியும் தவிர யார் அதைப் போட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாலும் தலைக்கனம் என்று அர்த்தம். அதைத்தான் சொன்னேன். "ஒரு மணி நேரம் தலைக்கனமாக இரேன். செத்தா போவாய்?" என்றார் ஆன்னெக்கெ.

அக்காவிடம் சொன்னேன். மதகு, வாய்க்கால் என்று நோயையும் முதல்தடவையாக அவளுக்குப் புரிகிற மாதிரி எடுத்துச் சொன்னேன். "அப்ப மதக ரிப்பேரே பண்ண முடியாதா?" என்று கேட்டாள். "முடியாதுக்கா. மூணு மாசத்துக்கு ஒருக்க அடைப்புப் போட்டுக்கிட்டே இருக்கணும்" என்றேன். "நம்ம ஊரு மதகும் அப்படித்தான கெடக்கு" என்றாள். கைப்பையை எடுத்துக்கொண்டு, "வா, பூக்கடைக்குப் போவோம்" என்று கிளம்பினாள்.

கடைத்தெருவில் அக்கா சொன்ன அடையாளங்களைக் கேட்டுப் பூக்காரருக்குக் குழப்பம். "மாப்பிள்ளை மாலைங்களாம்மா?" என்றார். "மாப்பிள்ளையோட மாமனாருக்கு. சம்பங்கியில நல்லா தண்டியா, கழுத்த ஒட்டி, தாடையில இடிக்கிற மாதிரி கட்டுங்க" என்றாள். கடையில் தொங்கிய ஒன்றை எடுத்து அங்கேயே என் கழுத்தில் போட்டாள். ஈரமான பூ இடப்பக்கத் தாடையில் பட்டது. தலை மெல்லத் திரும்பி வந்து அக்காவுக்கு நேரே நின்றது. பஜாரில் போகிறவர்கள் எல்லாம் எங்களைப் பார்க்கிறார்கள். அக்கா இரண்டு கையாலும் என் முகத்தைப் பிடித்துக்கொண்டாள். "ஒன் மூஞ்சிய நேரா பாத்து எத்தன வருஷம் ஆச்சுடா" என்று சொல்லி அழுதுவிட்டாள். பூக்காரர், "மாலைக்கு ஒண்ணும் கொறச்சல் இல்லீங்களே?" என்று பயந்தபடி கேட்டார்.

கல்யாணத்தன்று சம்பந்தி மாலை மாற்றிக்கொண்டோம். அவர் முறைப்படி தன் மாலையைக் கழற்றப் போனார். என்னைப் பார்த்தார், நான் கழற்றவில்லை. ஒரு கணம் அவர் முகம் மாறியது. அதற்குள் அக்கா முன்னால் வந்துவிட்டாள்.

"கழட்டாதீங்க சம்பந்தி. தாரை வார்த்து முடியிற வரைக்கும் மாலையோட இருக்குறது எங்க வீட்டு வழக்கம்."

எங்கள் வீட்டில் அப்படி ஒரு வழக்கம் எந்தக் காலத்திலும் கிடையாது. ஆனால் கல்யாணத்தில் வழக்கம் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. "அப்படிங்களா, உங்க வழக்கம்னா சரிங்க" என்று அவர் மாலையோடு உட்கார்ந்தார். அக்கா அதோடு விடவில்லை. அத்தான், மாமா, சித்தப்பா என்று மேடைக்கு வந்த பெரியவர்கள் எல்லோருக்கும் மாலையைப் போட்டு, "கழட்டக் கூடாது, வழக்கம்" என்று வரிசையாக உட்கார வைத்தாள். வியர்வையில் குளித்துக்கொண்டு, கழுத்தை அரிக்கிறது என்று ஜாடை காட்டிக்கொண்டு, அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் மணையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் தேன்மொழியின் கையைப் பிடித்துக் கொடுத்தேன். சுமதி தண்ணீர் வார்த்தாள். நடுவில் தலை இரண்டொரு தடவை துடித்தது, பூ பிடித்துக்கொண்டது. மகளின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சந்தோஷத்தை எழுத எனக்குத் தெரியவில்லை.

இப்போது எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு புகைப்படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். ஒன்று சனிக்கிழமை வட்டம், இன்னொன்று மன்னார்குடி மேடை. ஊரிலிருந்து வந்த தங்கை முறைப் பெண் முதல் படத்தைப் பார்த்து, "அய்யய்யோ, யாரு தவறிட்டாங்கண்ணே?" என்றாள். காபிக்கு வந்த ஆன்னெக்கெ, தாடையில் விரலை வைத்தபடி இரண்டாவது படத்தையே வெகுநேரம் பார்த்தார். மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருக்கும் அந்தக் கிழவர்கள் வரிசையைக் காட்டி, "இதில் மாப்பிள்ளை யார்?" என்று கேட்டார். ஒருவருக்குச் சாவு வீடு, இன்னொருவருக்கு எந்தக் கிழவரைக் கட்டிக்கொண்டாள் என்ற கவலை. இரண்டு படத்திலும் இருப்பவன் நான் ஒருவன்தான். இரண்டிலும் என் தலை நேராக இருக்கிறது.