குளிர் லாரியில் போன கார்

அந்த மார்கழியில் சித்தூர்ப் பக்கம் அடித்த குளிர் லேசுப்பட்ட குளிர் இல்லை. முனிசாமி ராத்திரி கழற்றி டம்ளரில் போட்டு வைத்த பல்செட்டு, விடியற்காலையில் தானாகக் கடகடவென்று ஆடி அவரை எழுப்பிவிட்டது. எதிர்வீட்டுச் சேவல் கூவுவதற்கு வாயைத் திறந்து, ஒரு நிமிஷம் யோசித்து, மூடிக்கொண்டது. இதையெல்லாம் நம்பாவிட்டாலும் போகிறது. அவர் மகள் கலைவாணியின் கார் அந்தக் குளிரில் ரிவர்ஸ் எடுக்க மறுத்ததை மட்டும் நம்பித்தான் ஆகவேண்டும். ஊரே பார்த்தது.

கலைவாணிக்கு முப்பத்தெட்டு வயது. கைக்குழந்தையாக இருந்தபோது வந்த ஜுரத்தில் இடது கால் சூம்பிப் போய்விட்டது. அந்தக் காலை இழுத்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனாள், காலேஜ் போனாள். சித்தூரில் புளியும் மாம்பழக்கூழும் வைக்கிற குளிர்கிடங்கில் கணக்கெழுதப் போனவள், பதினைந்து வருஷத்தில் அதற்கே சூப்பர்வைசர் ஆனாள். அத்தனை வருஷமும் யாராவது ஒருவர் பைக்கின் பின்னால் உட்கார்ந்துதான் போக்குவரத்து. தம்பிக்கு வேலை இருந்தால் இவளுக்கு லீவு. சித்தப்பா மகனுக்குக் கோபம் வந்தால் இவள் பஸ் ஸ்டாண்டில் நிற்க வேண்டும்.

அதனால்தான் கிளட்ச் இல்லாத, கியர் தானே மாறிக்கொள்கிற கார் ஒன்றைக் கடன் போட்டு வாங்கினாள். ஊரில் எல்லோரும் அதைக் கார் என்றார்கள். அவள் மனசுக்குள் அது கால்.

முதல் மார்கழியில் ஒன்றுமில்லை. இரண்டாவது மார்கழியில் தொடங்கியது வினை. வீடு இருப்பதோ முட்டுச்சந்து. ரிவர்ஸில்தான் வெளியே வரமுடியும். காலை ஐந்தரைக்கு ஸ்டார்ட் செய்து ரிவர்ஸ் போட்டால், எதிரே கண்ணாடிப் பலகையில் 'R' வருவதற்குப் பதில் 'N' மின்னும். வண்டி நியூட்ரலிலேயே நின்று உறுமும். அசையாது. வெயில் உச்சந்தலைக்கு வந்த பிறகு, ஒன்றுமே நடக்காத மாதிரி நகரும்.

"இன்னாம்மா, உன் ராஜாத்தி எழுந்துக்கினாளா?" என்பார் முனிசாமி, போர்வைக்குள்ளிருந்து.

"தூங்கிக்கினு கீறா நைனா. வா, வந்து ஒரு கை தள்ளு."

"எனக்கு வண்டி வாங்கித் தருவேன்னு சொன்ன. வண்டிக்கு என்னை வாங்கித் தந்துட்ட!"

கார் விற்ற டீலர் திருப்பதியில், ரேணிகுண்டா ரோட்டில். காலை ஒன்பதரைக்குத்தான் கதவு திறப்பார்கள். கலைவாணி பாகாலா வழியாக அங்கே போய்ச் சேர்வதற்குள் இன்ஜின் சூடு, ஊரெல்லாம் வெயில். கார் கல்யாணப்பெண் மாதிரி அடக்கமாக நிற்கும். சர்வீஸ் அட்வைசர் பவன்குமார் நல்ல பையன்தான், ஆனால் வாய் திறந்தால் காரணம்தான் வரும். முதல் தடவை, "காணிப்பாக்கம் கோயில்ல பூஜை போட்டீங்களே மேடம், அந்தக் குங்குமம் கியர் பட்டனுக்குள்ள போயிருக்கும்" என்றான். இரண்டு வருஷம் கழித்தா குங்குமம் வேலையைக் காட்டும் என்று கேட்டாள். துணியால் துடைத்து அனுப்பி வைத்தான்.

இரண்டாவது தடவை வீடியோ எடுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். "வீடியோல்லாம் கம்பெனி ஒத்துக்காது மேடம். எங்க ஸ்கேனர்ல தெரியணும். அதில்லாம நீங்க ரெண்டு காலையும் வச்சு ஓட்டறீங்க போல, அதான் கியர் குழம்புது."

கலைவாணி புடவையைக் கொஞ்சம் ஒதுக்கி, அந்தக் காலைக் காட்டினாள். "இது மிதிக்கிற காலா இருந்தா, நான் எதுக்குப்பா இந்த வண்டி வாங்கறேன்?"

பவன்குமார் காதுவரை சிவந்தான். "சாரி மேடம்" என்றான் மூன்று தடவை. ஆனாலும் ஒரு ராத்திரி காரைத் தங்கள் மூடிய ஷெட்டுக்குள் கதகதப்பாக நிறுத்திவிட்டு, மறுநாள் சீட்டில் எழுதிய வரி மாறவில்லை: குறை எதுவும் தென்படவில்லை.

வாரண்டி முடிய ஆறு நாள் இருந்தது. அதற்கப்புறம் கியர் பெட்டியைத் திறந்தால் செலவு அவளுடையது. அவளால் தாங்கக்கூடிய செலவு இல்லை. திரும்பவும் பைக்கின் பின்சீட்டுதான். தம்பிக்கு நேரம் இருக்கிறதா, சித்தப்பா மகனுக்குக் கோபம் தீர்ந்ததா என்று கேட்டுக்கேட்டு வாழ்கிற வாழ்க்கை.

குளிர்கிடங்கு வாசலில் நின்று, உள்ளே போகிற புளி மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கு அது தோன்றியது. டிரைவர் சலீமின் குளிர் லாரி பின்பக்கமாக வந்து மேடையில் ஒட்டி நின்றது. மறுநாள் காலை ரேணிகுண்டாவில் ஐஸ்கிரீம் ஏற்றப் போகிற வண்டி. சரக்கு ஏற்றுமுன்பே லாரியின் பெட்டியைக் குளிரவைத்துக்கொண்டுதான் போகவேண்டும் என்பது அந்தத் தொழிலின் சட்டம். அதாவது, காலிப்பெட்டி ராத்திரியெல்லாம் சும்மா குளிர்ந்துகொண்டே இருக்கும்.

"சலீம், உன் லாரி உள்பக்கம் எவ்ளோ அகலம்?"

"ஏழரை அடி அக்கா. ஏன்?"

"என் கார் அஞ்சே முக்கால்தான்."

சலீம் அவளைப் பார்த்தான். காரைப் பார்த்தான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு மூட்டைமேல் உட்கார்ந்து சிரித்தான். "ஐயோ அக்கா! எருமை ஏத்திக்கினு போயிருக்கேன். காரை ஐஸ் வைக்க எடுத்துக்கினு போனதில்ல. ஏத்து, போலாம்."

முதலாளியிடம் போனில் அனுமதி கேட்டாள். அவரும் சிரித்து முடித்துவிட்டுத்தான் சரி சொன்னார். மதிய வெயிலில், நல்ல பிள்ளையாக இருந்த காரை மேடை வழியே லாரிக்குள் முன்பக்கமாக ஓட்டிவிட்டாள். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, கயிறு போட்டுக் கட்டினார்கள். ராத்திரி முழுக்க நான்கு டிகிரி. காலையில் கேபினில் சலீம் பக்கத்தில் உட்கார்ந்து புறப்பட்டாள்.

சந்திரகிரி தாண்டும்போது அவள் பின்பக்கம் திரும்பிப் பார்த்தாள். "சலீம், அது வேணும்னே ஒழுங்கா ஓடிடுச்சுன்னா?"

"ஓடினா நல்லதுதானே அக்கா?"

"இன்னிக்கு மட்டும் ஓடக்கூடாதுடா."

ஷோரூம் வாசலில் புதுக் கார்களை இறக்குகிற இரும்புச் சாய்தளம் தயாராக இருந்தது. லாரியை அதில் ஒட்டி, கதவைத் திறந்ததும் வெண்புகை குபுகுபுவென்று இறங்கி, கார் வாங்க வந்த ஒரு குடும்பத்தையே மறைத்தது. ஏதோ பெரிய சாமி தரிசனம் என்று நினைத்து அந்த வீட்டுப் பாட்டன் கன்னத்தில் போட்டுக்கொண்டார் என்று சலீம் இன்றைக்கும் சத்தியம் செய்கிறான்.

பவன்குமார் ஓடிவந்தான். "மேடம், இதென்ன மேடம்?"

"எங்க ஊர்க் குளிர். உங்க ஸ்கேனர்ல தெரியணும்னியே, கொண்டாந்துட்டேன். நீயே உள்ள போய் வண்டிய எடுத்துக்கினு வா."

அரைக்கைச் சட்டையோடு இடுக்கில் நுழைந்து, வயிற்றை எக்கி, கதவைப் பாதி திறந்து சீட்டில் சரிந்தான். ஸ்டார்ட் ஆனது. ரிவர்ஸ் போட்டான். பலகையில் 'R' வந்தது.

கலைவாணிக்கு உயிர் போனது.

'R' ஒருமுறை மினுக்கியது. அணைந்தது. 'N' வந்து உட்கார்ந்துகொண்டு கண்ணடித்தது. பவன்குமார் மறுபடி போட்டான். மறுபடி N. பத்துத் தடவை போட்டான். லாரிக்குள் இன்ஜின் உறுமியதே தவிர, சக்கரம் ஒரு அங்குலம் நகரவில்லை.

"என்னப்பா, ரெண்டு காலையும் வச்சு ஓட்டறியா?" என்றாள் கலைவாணி.

"இ-இல்ல மேடம்." பல் தந்தியடித்தது. "ஸ்-ஸ்கேனர் கொண்டாங்கடா!"

சலீம் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "தம்பி, சீக்கிரம் பாரு. குளிரு வீணாப் போவுது. வேணும்னா கதவைச் சாத்திட்டு ஐஸ்கிரீமோட உன்னையும் ஏத்திக்கறேன்."

"வத்து அண்ணா, வத்து!" என்று, வேண்டாம் வேண்டாமென உள்ளேயிருந்து தெலுங்கில் அலறல் வந்தது.

மேனேஜரே வந்தார். கோட்டுப் போட்டிருந்ததால் அவர் கொஞ்சம் தாக்குப்பிடித்தார். ஸ்கேனரைச் செருகிய உடனே, கியரை நகர்த்துகிற எண்ணெய் அழுத்தம் போதவில்லை என்று அது பளிச்சென்று சொல்லிவிட்டது. மேனேஜர் அதைப் படித்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். லாரியைவிட்டு இறங்கி வந்து, "வாரண்டியிலேயே மாத்தித் தர்றோம்மா" என்றார். "இன்னிக்கே எழுதிடுங்க சார், தேதி போட்டு" என்றாள் கலைவாணி. பவன்குமார் குளிரில் விறைத்துப்போன விரல்களால் எழுதினான். எழுத்து கோணல்மாணலாக இருந்தது. அவள் வாழ்நாளில் அத்தனை அழகான கையெழுத்தைப் பார்த்ததில்லை. காரை நான்கு பேர் சேர்ந்து தள்ளித்தான் இறக்கினார்கள்.

பொங்கல் கழிந்து கார் வீட்டுக்கு வந்தது. மறுநாள் விடியற்காலையில் பனி சாரலாகவே கொட்டியது. கலைவாணி ஸ்டார்ட் செய்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு ரிவர்ஸ் போட்டாள். வண்டி வெண்ணெய் மாதிரி வழுக்கிப் பின்னால் போனது. ரோட்டைத் தொட்டதும் நிறுத்தினாள். திரும்ப சந்துக்குள் ஓட்டி வந்தாள். மறுபடி ரிவர்ஸ். மறுபடி உள்ளே.

மூன்றாவது தடவை முனிசாமி போர்வையோடு வெளியே வந்தார். "இன்னாத்துக்கும்மா இப்டி போய்க்கினு வந்துக்கினு கீற? எதனா மறந்துட்டியா?"

"ஒண்ணுமில்ல நைனா. சும்மாதான்."

நான்காவது தடவையும் போய்வந்துவிட்டு, வேலைக்குப் பத்து நிமிஷம் தாமதமாகப் போனாள்.