பட்டியலில் ஏறாத மருதமரம்

வீரையா அண்ணையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். பாதிக் கோபம் அவரில், மீதி என்னில்.

புளியங்குளத்திலிருந்து உள்ளே போனால், ஆற்றங்கரையில் எங்கள் பிரதேச சபை பராமரிக்கிற கூடாரத் திடல் ஒன்று இருக்கிறது. அரச காணி. சனி, ஞாயிறுகளில் சனம் வான் பிடித்து வந்து கூடாரம் அடிக்கும், சமைக்கும், குளிக்கும். அதன் காவலாளிதான் வீரையா அண்ணை. எழுபத்தேழு கலவரத்தில் தாயின் இடுப்பில் இருந்தபடி மலையகத்திலிருந்து வந்தவர். மனைவியை ஷெல்லுக்குப் பறிகொடுத்தபின், ராஜினி என்ற ஒரே மகளைத் தனியாக வளர்த்து ஆளாக்கினார்.

திங்கட்கிழமைகளில் கோடரியின் பின்பக்கத்தால் ஒவ்வொரு மரமாகத் தட்டிக்கொண்டு போவார். உள்ளே உளுத்துக் கோறையாகிப் போயிருந்தால் சத்தத்திலேயே பிடித்துவிடுவார். சிவப்புப் பெயின்டால் புள்ளடி போட்டு, மரத்தின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரம் கயிறு பிடித்து, அதற்கு அங்காலேதான் கூடாரம் அடிக்க விடுவார். சபை அலுவலகத்திலிருந்து வருகிற நான் பின்னால் நடந்து பட்டியல் எழுதுவேன். அந்த மரங்களைத் தறிக்க மேலிடத்தில் அனுமதி கேட்பதும் என் வேலை. மாதக்கணக்கில் இழுபட்டாலும் அனுமதி வந்துவிடும்.

திடலின் ஓரத்தில் பெரிய மருதமரம் ஒன்று நின்றது. காட்டுக்குள் போகிறவர்கள் ஒரு குழையை முறித்து அதில் கட்டி, ஐயனாரைக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். எங்கள் பக்கத்து வழக்கம் அது. ஒரு திங்கட்கிழமை அதைத் தட்டியவர், இன்னொரு தரமும் தட்டினார்.

"கோறை, மிஸ்."

"அப்ப புள்ளடியைப் போடுங்கோ."

"ஐயனார் மரத்துக்கு எப்பிடி மிஸ் போடுறது? தறிச்சுப் போடுவாங்கள். நான் ஒருத்தரையும் கிட்ட விடமாட்டன். நீங்கள் எழுதாதேங்கோ."

நானும் பெரிய கெட்டிக்காரிதான். எனக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம். ஐயனாரோடு ஏன் வீண் வம்பு? செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டு அடுத்த மரத்துக்குப் போனேன்.

சொன்னபடி அவர் காவல் காத்தார். யாராவது கிட்டப் போனால், "அது சாமி மரம், அங்கால போங்கோ" என்பார். கோறை என்று ஒருவருக்கும் சொல்லவில்லை. சிவப்புப் புள்ளடியை மதிக்காத சனம்கூட அந்தச் சொல்லுக்கு விலகிப் போனது. ஒரு வருடம் இப்படியே ஓடியது.

சித்திரையில் ராஜினி தன்னோடு வேலை செய்கிற பெட்டைகளைக் கூட்டிக்கொண்டு வவுனியாவிலிருந்து வந்தாள். மனிதருக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. நல்ல வெளியான இடம் பார்த்து, தானே அவர்களுக்குக் கூடாரம் அடித்துக் கொடுத்தார். பின்னேரம் காற்றும் மழையும் ஒன்றாக வந்தன. குளித்துக்கொண்டிருந்த சனத்தைக் கரையேற்ற அவர் ஆற்றுக்கு ஓடினார். பெட்டைகள் தாங்கள் வந்த வானுக்குள் ஏற ஓடினார்கள். ராஜினி மட்டும் மருதமரத்தை நோக்கி ஓடினாள்.

"என்ர கையைப் பிடிச்சு இழுத்தவள்," என்று அவளின் சிநேகிதி தர்மிளா பிறகு அழுதழுது சொன்னாள். "'அது அப்பான்ர சாமி மரம், எங்களை ஒண்டும் செய்யாது' எண்டவள். நான்தான் கையை உதறிப்போட்டு வானுக்கு ஓடினனான்."

கரையிலிருந்து வீரையா அண்ணை கத்தியது மழை இரைச்சலில் மகளுக்குக் கேட்கவில்லை. மரம் அடியோடு முறிந்து அவள் மேல் விழுந்தது.

மரண விசாரணைக்கு முதல் நான் அவரை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டு, "காத்தில விழுந்தது எண்டு மட்டும் சொல்லுங்கோ அண்ணை" என்றேன். அவருக்காகத்தான் சொல்கிறேன் என்று அப்போது நினைத்தேன். வெட்கமில்லாத நினைப்பு.

"மரம் கோறை எண்டு எனக்குத் தெரியும் ஐயா," என்றார் அவர் விசாரணையில்.

"அலுவலகத்தில ஆருக்காவது சொன்னீரோ?"

"இல்லை ஐயா. ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

இரண்டு கதிரை தள்ளி நான் இருந்தேன். எழும்பி உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவருக்கு வேலை போனது.

வெளியே வந்ததும் என்னால் தாங்க முடியவில்லை. "ஏன் அண்ணை என்ர பேரைச் சொல்லேல்லை?" என்று கேட்டு அழுதேன்.

"அழாதேங்கோ மிஸ்," என்றார். "உங்களுக்கும் அவளின்ர வயசுதானே."