ஜப்தி மாடும் கொழும்புச் சீட்டும்

புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டே இதை எழுதுகிறேன். நாலு சுளைக்கு ஒரு வரி. பிழை இருந்தால் பழியைப் புளியின் மேல் போட்டுவிடுங்கள்.

கொழும்புக்காரர் பெண்சாதியாக இருப்பதும் ஓர் உத்தியோகம்தான். சம்பளம் மணியார்டரில் வந்துவிடும், முதலாளிதான் வரமாட்டார். நான் நாலாம் வகுப்போடு நின்றவள், நாலு பேர் முன்னால் வாய் திறவாதவள். ஆனாலும் கப்பலைக் கண்ணால் காணாமலே கப்பலை நினைத்துக்கொண்டிருக்கிறவர்கள் இந்தத் தாமிரபரணிக் கரையில் தெருவுக்கு இரண்டு பேராவது இருப்பீர்கள். உங்களிடம் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

அழைப்பு

என் வீட்டுக்காரர் கொழும்பில் ஓர் அரிசிக் கிட்டங்கியில் கணக்கு எழுதுகிறார். அவர் போகும்போது மகள் என் வயிற்றில். இப்போது தெருவில் ஓடுகிறாள். கலியாணமாகி நாங்கள் ஒரே வீட்டில் இருந்தது, பிசான நெல்லை விதைத்து அறுக்கிற காலம் மட்டும்தான். சென்ற கார் அறுப்பின்போது அவரிடமிருந்து கடிதம் வந்தது. அடுப்படியோடு ஓர் அறை கிடைத்துவிட்டது, ஜன்னலைத் திறந்தால் பாய்மரம் தெரிகிறது, இங்கே குழம்புக்குப் போடுகிற கொறுக்காய்ப் புளி வாய்க்கு ஒட்டவில்லை, நம் ஊர்ப் புளியோடு புறப்பட்டு வா என்று எழுதியிருந்தார். கடிதங்களை அத்தை, அதாவது என் மாமியார், என்னை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்பார்கள். அது அவருக்கும் தெரியும். ஆசையையெல்லாம் அவர் புளியில் வைத்துத்தான் எழுத முடியும்.

பிள்ளையோடு தனியாக வருகிற பெண்பிள்ளையைத் தூத்துக்குடியில் லேசில் கப்பலேற்ற மாட்டார்களாம். வருகிறவளுக்கு இடமும் சாப்பாடும் உண்டு என்று அவருடைய முதலாளி அங்கிருந்து எழுதி அனுப்பிவிட்டார். இவள் இன்னாருடைய பெண்சாதிதான் என்று எங்கள் ஊர் முன்சீப் ஒரு சீட்டுக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. அத்தை போய்க் கேட்டார்கள். எங்கள் கால்வாய்க்கரை வயலுக்குத் தீர்வை கட்டாமல் வெகுநாளாய் நிற்கிறது, அது தீராமல் சீட்டில்லை என்று பதில் வந்தது. அம்மா கட்டுகிறாள் என்று மகன் இருந்திருக்கிறார். மகன் அங்கிருந்தே கட்டுகிறான் என்று அம்மா இருந்திருக்கிறார்கள். முன்சீப் சிரித்தாராம். "அக்கா, ஒங்க மகன்தான் கப்பலேறுனான். தீர்வை இங்கனயேதான் உக்காந்திருக்கு."

ஜப்தி

கொழும்புக்கு உடனே எழுதிப்போட்டோம். பணம் வருமுன்னே முன்சீப் அனுப்பிய தலையாரி வந்துவிட்டான். எங்கள் வீட்டில் ஜப்தி செய்யத் தக்கதாக இருந்தது பால்மாடு ஒன்றுதான். தவணைக்குள் தீர்வை கட்டாவிட்டால் மாடு ஏலத்துக்குப் போய்விடும். அவன் கயிற்றைப் பிடித்து இழுத்தான். மாடு காலை ஊன்றிக்கொண்டது. புல்லைக் காட்டினான், வாலை முறுக்கினான், அதனிடம் நியாயம்கூடப் பேசிப்பார்த்தான். என் கையை விட்டால் அது யாரோடும் போகாது.

தெரு முழுவதும் வேடிக்கை பார்க்கிறது. வெறுங்கையோடு போனால் அவன் வேலைக்கு ஆபத்து. என்னைத் தனியே கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டான். பிறகு நான் இடுப்பில் பிள்ளையும் கையில் கயிறுமாகத் தலை நிமிராமல் நடந்தேன். மாடு என் பின்னே வந்தது. மாட்டின் பின்னே தலையாரி வந்தான். அவன் சொன்னது இதுதான்: "நீங்க பைய முன்னால நடங்க ஆச்சி. நான் ஜப்தி பண்ணிக்கிட்டே பின்னால வாரேன்."

பால் யாருக்கு?

மாட்டைச் சாவடியில் கட்டினார்கள். கன்றை ஜப்தியில் சேர்க்க மறந்துவிட்டார்கள். கன்று வீட்டில் கத்த, தாய் சாவடியில் கத்த, அந்தியில் ஊரே காதைப் பொத்திக்கொண்டது. மடியில் கைவைக்கப் போன இரண்டு பேர் உதை வாங்கிய பிறகு எனக்கு ஆள் வந்தது. அன்று முதல் காலையும் மாலையும் கன்றை இழுத்துக்கொண்டு, ஆண்பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிற சாவடிக்கு நான் போகவேண்டியதாயிற்று. மாட்டின் விலாவில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டால் ஒரு முகமும் தெரியாது. மாலையில் நான் கறக்கிற நேரத்துக்குத்தான் கிழக்கே போகிற ரயில் ஊரைத் தாண்டும். திருநெல்வேலியில் வண்டி மாறினால் தூத்துக்குடி, அதற்கப்பால் தண்ணீர், தண்ணீருக்கப்பால் அந்த ஜன்னல். சத்தம் ஓய்கிற வரையில் என் கை ஓடாது. மாடும் உதைக்காமல் காத்திருக்கும்.

கறந்த பால் யாருடையது என்று முன்சீப்புக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மாட்டைப் பற்றித்தான் சட்டத்தில் இருக்கிறதாம், பாலைப் பற்றி ஒன்றும் இல்லையாம். தாலுகாக் கச்சேரிக்கு எழுதிக் கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே செம்பை என் பக்கம் நகர்த்தி வைத்தார். "மாடு சர்க்காருக்கு, பிள்ளை கொழும்புக்காரனுக்கு. பதில் வாரதுக்குள்ள பால் திரிஞ்சு போகும். கொண்டு போம்மா."

சீட்டு

மணியார்டர் வந்தது. தீர்வையைக் கட்டி மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தோம். கன்று முட்டி முட்டிக் குடித்ததைப் பார்த்துக்கொண்டு வேலையை மறந்து நின்றேன்.

சீட்டு மட்டும் வரவில்லை. முன்சீப் நாளைக்கு என்றார், நாற்று நடவு முடியட்டும் என்றார், கடைசியில் உள்ளதைச் சொல்லிவிட்டார். நான் இங்கே இருப்பதால்தான் பணம் வருகிறதாம். நானும் பிள்ளையும் போய்விட்டால் இந்த வயலை யார் நினைப்பார்கள், அடுத்த தீர்வைக்கு யாரைப் பிடிப்பது என்றார். அதைக் கேட்டுவந்த அத்தை, அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர்கள் கணக்கும் அதுதான். நான் இருந்தால் மகன் ஒருநாள் ஊருக்கு வருவான்.

மறுநாள் நானே போனேன். கண்ணைச் சாவடித் தூணில் வைத்துக்கொண்டு நின்றேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்ததில் ஒன்றுதான் வெளியே வந்தது. "பணத்தக் கட்டுனதும் மாட்ட அவுத்து விட்டுட்டியளே அண்ணாச்சி."

பிணை

முன்சீப், வயலுக்கு ஊரில் ஒரு பிணையாள் இருந்தால் சீட்டு எழுதலாம் என்றார். அடுத்தவர் வயலுக்கு யார் பிணை நிற்பார்கள்? வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டேன். அத்தை புளி காயவைத்த ஓலைப்பாயின் ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு சுளையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்கள். மகனுடைய கடிதத்தை மறுபடி வாசிக்கச் சொன்னார்கள். புளி சங்கதி வந்த இடத்தில் போதும் என்று நிறுத்திவிட்டு, எழுந்து நேரே சாவடிக்கு நடந்தார்கள். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். முன்சீப், தலையாரி, சும்மா இருந்தவர்கள் எல்லாருக்கும் முன்னால் அத்தை படியேறாமல் நின்று சொன்னார்கள். "கட்டிப் போட ஆள்தான வேணும் ஒமக்கு? என்னையக் கட்டும். நான் எங்கன போகப் போறேன்?"

அன்றிலிருந்து அத்தை பால் கறக்கப் பழகுகிறார்கள். என் பழைய சேலையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தால் மாடு பாதி ஏமாறுகிறது. மீதிப் பாதி உதைக்கிறது. புளியை இரண்டு பங்கு வைத்திருக்கிறேன், ஒன்று கொழும்புக்கு, ஒன்று அத்தையின் பானைக்கு. எந்தப் பங்குக்குக் கொட்டை எடுத்தாலும் மனசு அடுத்த பங்குக்குப் போய்விடுகிறது. இதோ, தலையாரி சீட்டோடு வந்திருக்கிறானாம். நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். புளிக் கையைக் கழுவிவிட்டு வா என்று அத்தை வாசலிலிருந்து கூப்பிடுகிறார்கள். ஆகையால் சகோதரிகளே, இந்த உத்தியோகத்தில் நான் கண்டது என்னவென்றால், ஒருத்தியை அவிழ்த்த கயிற்றில் இன்னொருத்தியைக் கட்டாமல் இருக்க வேண்டுமானால், அக்கரையில் இருக்கிறவர் வருஷத்துக்கு ஒரு தடவையாவது இந்தப் பக்கம்...