கீழிருந்து வந்த குளிர்

கொக்குவிலில் எங்கள் வளவில் இரண்டு மாமரங்களுக்கு நடுவே ஒரு வலை தொங்கும். மீன் பிடிக்கிற வலை அல்ல, அண்ணை படுக்கிற வலை. குருநகரில் வலை பின்னும் ஒருவரிடம் சொல்லித் தடித்த நூலில் பின்னுவித்தது. இரு தலைப்பிலும் கயிறு கட்டி மரங்களில் மாட்டினால் ஓர் ஆள் ஏறிப் படுக்கலாம். லீவில் வரும்போதெல்லாம் அண்ணை அதைக் கழுவி அங்கேயே காயவிடுவார். எனக்கு அப்போது பதினைந்து வயது, வாய் சும்மா இராது. "இருபத்திநாலு வயசிலையும் கைக்குழந்தை மாதிரி ஏணையிலை படுக்கிற ஆள் எங்கடை அண்ணைதான்" என்று வேலிக்கு அப்பாலும் கேட்கும்படி சொல்லுவேன். அவர் சிரிப்பார். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை.

அண்ணை நில அளவைக்காரர் ஒருவரின் கீழ் அளவுச் சங்கிலி பிடிக்கும் வேலையில் இருந்தார். பளையில் ரயிலை விட்டு இறங்கிக் கிழக்கே கடலோரப் பற்றைக்காடுகளுக்கு நடந்து போவார்கள். நாளுக்கு ஓர் இடமாக நகர்கிற வேலை. வண்டி போகத் தடம் இல்லாததால் கூடாரமும் இல்லை, அவரவர் மூட்டை அவரவர் தோளில். மாரிமழைக்குப் பிறகு நிலமெல்லாம் ஊறிக் கிடக்கும், பாம்புப் பயம் வேறு. அதனால்தான் பாயை விட்டு வலைக்கு மாறினார்கள். ஆனால் மார்கழியில் அந்த வெளியில் வாடைக்காற்றைத் தடுக்க ஒன்றுமில்லை. அண்ணைக்கோ சிறுவயதிலிருந்தே தொய்வு. குளிர் பட்டால் நெஞ்சு இழுக்கும், ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் அந்தரப்படுவார். அப்பா இல்லாத வீட்டில் அம்மாவுக்கு அந்த இழுப்புச் சத்தத்தை விடப் பெரிய பயம் வேறில்லை.

எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் பனி தலையில்தான் இறங்கும் என்பார்கள். மார்கழியில் தலையைச் சுற்றித் துவாய் கட்டாமல் முற்றத்தில் காலை வைத்தால் ஏச்சு நிச்சயம். முதுகு எப்படிக் கிடந்தாலும் யாருக்கும் கவலையில்லை. அம்மா அண்ணைக்கென்று தடித்த துணியில் காதையும் மூடுகிற மாதிரி ஒரு தொப்பி தைத்துக் கொடுத்திருந்தார், கம்பளிப் போர்வையும் வாங்கிக் கொடுத்திருந்தார்.

"அம்மா, குளிர் மேலாலை வரேல்லை. கீழாலை வருகுது" என்றார் அண்ணை.

"பனி நிலத்திலையிருந்து முளைக்குதோ? நீ தலையை மூடிக்கொண்டு படு."

அம்மாவோடு கதைத்துப் பயனில்லை என்று கண்டு அண்ணை என்னைப் பிடித்துக்கொண்டார். பாயில் படுத்தால் கொஞ்ச நேரத்தில் கீழே சூடு பிடித்துவிடும், வலையில் படுத்தால் காற்று முதுகுக்குக் கீழே ஓடிக்கொண்டே இருக்கும், போர்வையை விரித்துப் படுத்தாலும் உடம்புப் பாரத்தில் அது நசிந்து ஒன்றுக்கும் உதவாது என்றார். அதற்கு அவரே ஒரு வழி கண்டிருந்தார். இரண்டு சாக்குகளைச் சேர்த்துத் தைத்து, வாழைச்சருகை அடைத்து, வலைக்கு வெளியே அடிப்பக்கமாகத் தொங்கக் கட்டுவார். மேலே படுப்பவரின் பாரம் அதில் விழாது, சருகும் நசியாது. வாடை வீசிய ஒரு பின்னேரம் என்னை முதலில் வெறும் வலையில் படுக்க வைத்தார். முதுகு விறைத்துப் போனது. பிறகு சாக்கைக் கட்டினார். என்னை அறியாமல் நித்திரையாகி விட்டேன். ஆகையால், குளிர் கீழிருந்துதான் வரும் என்பது எனக்குத் தெரியாது என்று நான் யாரிடமும் சொல்ல முடியாது.

அவர் போகிற காலை ரயிலில்தான் என்னோடு படிக்கிற பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போவார்கள். முந்தின முறை அந்தச் சாக்கைப் பார்த்துவிட்டு ஒருத்தி கேட்டாள்: "உங்கடை அண்ணை மாட்டுக்குத் தீன் கொண்டு போறாரோ?" அன்று முழுவதும் வகுப்பில் அதே சிரிப்பு. எனக்கு நிலத்துக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. ஆகவே அடுத்த முறை, அந்த மார்கழியில், அண்ணை கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தபோது மூட்டையை அவிழ்த்தேன். சாக்கை எடுத்துவிட்டு, அதே அளவுக்கு ஒரு பழைய போர்வையை மடித்து வைத்துக் கட்டினேன். சருகை வாழைப்பாத்திக்குள் கொட்டினேன். சாக்கை மாட்டுக்கொட்டிலில் போட்டேன். ஒரு போர்வைக்கு இன்னொரு போர்வை கூடத்தானே இருக்கிறது என்று என் மனதுக்குச் சமாதானமும் சொல்லிக்கொண்டேன். ரயிலடியில் அன்று நான் தலைநிமிர்ந்து நின்றேன்.

ஐந்தாம் நாள் அண்ணையின் தபாலட்டை வந்தது. அம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது, வீட்டில் வாசிக்கிற ஆள் நான்தான். "சாக்கை மறந்து, பழைய போர்வையைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன் போலிருக்கிறது. பளைப் பக்கம் யாரும் வந்தால் கொடுத்துவிடவும். இரவில் முதுகு விறைக்கிறது" என்று எழுதியிருந்தார். நான் அந்த மூன்று வரியையும் விட்டுவிட்டு மீதியை உரத்து வாசித்தேன். வாசித்தால் சாக்கு எங்கே என்று அம்மா தேடுவார். இன்னும் பத்து நாளில் அண்ணை வந்துவிடுவார்தானே என்று நினைத்தேன்.

பத்து நாள் ஆகவில்லை. கூட வேலை செய்தவர்கள் அவரை அந்த வலையிலேயே கிடத்தி, ஒரு தடியில் மாட்டித் தோளில் சுமந்து பளை வரை நடந்தார்களாம். வீட்டுக்கு வந்தபோது காய்ச்சல் நெருப்பாய்க் கொதித்தது, நெஞ்சு இழுத்தது. பரியாரியார் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் எழும்பினார். நான் வெந்நீர் கொண்டுபோய்க் கொடுத்தபோது அண்ணை, "சாக்கை மறந்திட்டன் பிள்ளை. விசர் வேலை பாத்திட்டன்" என்றார். சொல்லி முடிக்க அவருக்கு நாலு மூச்சுத் தேவைப்பட்டது. நீங்கள் மறக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. மறுநாள் விடிய அவர் போய்விட்டார்.

மூட்டையை அவிழ்த்தபோது அம்மா தைத்த தொப்பி மடிப்புக் குலையாமல் மேலே இருந்தது. அதைக் கண்டதோடு அம்மா தீர்மானித்துவிட்டார். வருகிறவர்களுக்கெல்லாம், "சொல்வழி கேளாத பிள்ளை. தலையை மூடாமல் படுத்துத் தன்ரை உயிரைத் தானே விட்டிட்டான்" என்று சொல்லி அழுதார். பிறகும் எத்தனையோ வருடம், மார்கழி வந்தால் அதே கதைதான். என்னைப் பார்த்து "என்ன பிள்ளை?" என்பார். நான் "ஓம் அம்மா" என்பேன். சொல்வழி கேளாதவர் என்ற பெயர் ஊரில் அண்ணைக்கு அப்படியே நிலைத்துவிட்டது.

அம்மா கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோது எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஒருநாள் கண்ணைத் திறந்து, "அங்கை போய் அவனைக் கண்டா முதல் வேலையா ஏசுவன், ஏன் தலையை மூடாமல் படுத்தனி எண்டு" என்றார். குரலில் கோபமே இல்லை, மகனைப் பார்க்கப் போகிற ஆசைதான் இருந்தது. அங்கேயும் அண்ணை சிரித்துக்கொண்டே ஏச்சை வாங்கிக்கொள்வார் என்று எனக்குப் பட்டது. சொல்லுவதற்கு அம்மா எனக்கு இன்னும் மூன்று நாள் தந்தார். நான் சொல்லவில்லை.